மூதாதையரைத் தேடி: ஆல்காட் பதிப்பித்த குடிவழியும் நாம் எழுத வேண்டிய குடிவழியும்



திங்கள்தோறும் ஒரு நூல், ஒரு சொற்பொழிவு, அதன்பின் ஒரு கலந்துரையாடல் என்னும் ஒழுங்கு பிறழாமல் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கும் இவ்வட்டத்தின் விழாவில் உரையாற்றும் வாய்ப்புக் கிட்டியமைக்கு மகிழ்கின்றேன். ‘குடும்பமும் வரலாறும்’ என்னும் பொதுத் தலைப்பைத் தந்து, அதனுள் எனக்கு விருப்பமான ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுமாறு அமைப்பாளர்கள் பணித்தனர். அமெரிக்க மண்ணில் தொடக்கக் காலத்தில் குடியேறிய ஒரு மூதாதையரைத் தேடிச் சென்ற குடிவழி ஆராய்ச்சியை நான் எடுத்துக்கொண்டுள்ளேன்.

மயிலாப்பூரில் நடைபெறும் தமிழ் விழாவில் அமெரிக்க மூதாதையர்க்கு என்ன வேலை என நீங்கள் வினவலாம். இரண்டு காரணங்கள் உண்டு. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் நம் அடையாற்றங்கரையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு வாழ்ந்து, இங்கேயே மறைந்தவர். இது முதற்காரணம். இங்கு அமர்ந்திருப்போர் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று அமெரிக்கக் குடிமக்களாக வளர்ந்து வருகின்றனர். அவர்கள் நாளை தேடப்போகும் மூதாதையர் இவ்வவையில் இருப்பவர்களே. இஃது இரண்டாம் காரணம்.

ஆல்காட்டும் குடிவழி நூலும்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் சேர்ந்து பிரம்மஞான சபையை நிறுவியவர். 1879இல் இந்தியாவுக்கு வந்து, 1882ஆம் ஆண்டின் இறுதியில் சபையின் தலைமையிடத்தை அடையாற்றுக்குக் கொணர்ந்தவர். 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தவர். இவை நாம் அறிந்த செய்திகள். அவர் இந்தியாவுக்கு வருமுன் செய்த ஒரு பணியை நம்மில் பலர் அறியார். தம் குலமுதல்வரைப் பற்றிய ஒரு குடிவழி நூலின் திருத்திய பதிப்பை அவர் 1874இல் வெளிக்கொணர்ந்தார்.

அக்குலமுதல்வர் தாமஸ் ஆல்காட். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டு நகரம் 1636ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயக் குடியேற்றமாகத் தோன்றியது. அதன் தொடக்கக் குடிகளுள் ஒருவர் அவர். அவருடைய வழித்தோன்றல்களைத் தொகுத்து நத்தானியல் குட்வின் என்னும் ஹார்ட்போர்டு அறிஞர் 1845இல் ஒரு நூலை வெளியிட்டார். அதே 1845ஆம் ஆண்டில்தான் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிவழிக் கழகம் தோன்றியது என்பது கருதத்தக்கது. தனி மனிதர் தம் குடும்பத்தின் கதையைத் தேடுவது ஒரு முறைப்பட்ட கல்வியாக மாறிய காலம் அது. குட்வின் நூலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்குப் பின் எடுத்துத் திருத்தங்களுடன் மீண்டும் பதிப்பித்தவரே நம் ஆல்காட்.

இப்பணிக்கு அவர் பொருத்தமானவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவக் கொள்முதலில் நடந்த மோசடிகளைப் புலனாய்ந்து வெளிப்படுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பின்னர் வழக்குரைஞரானார். கணக்கேடுகளையும் கையொப்பங்களையும் ஒப்புநோக்கி, எது மெய், எது பொய் எனப் பிரித்தறியும் பயிற்சி அவருக்குத் தொழிலாகவே வாய்த்திருந்தது. அடையாற்றுக்கு வந்தபின் 1886ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் நூலகம் ஒன்றைத் தொடங்கி ஓலைச்சுவடிகளைத் தொகுக்கலானார். ஏடுகள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்னும் அதே மனப்பாங்கினை அங்கும் காண்கிறோம்.

ஏடுகள் பேசுவது எவ்வாறு?

இருநூறு ஆண்டுகட்குமுன் மறைந்த ஒருவருடைய மக்களையும் பெயர்மக்களையும் பெயர் பெயராக எழுத எவ்வாறு இயன்றது? குடியேறியோர் தமக்குள் நிலத்தைப் பங்கிட்டபோதே யாருக்கு எத்துண்டு, அதன் எல்லை யாது என ஊர்ப் பதிவேட்டில் எழுதி வைத்தனர். திருச்சபை, திருமுழுக்கையும் திருமணத்தையும் இறப்பையும் பதிந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய விருப்பமுறி நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அதனுடன் அவர் விட்டுச் சென்ற உடைமைகளின் பட்டியலும் சேர்க்கப்பட்டது. கட்டில், போர்வை, பானை, ஏர், மாடு என ஒவ்வொன்றும் விலை மதிப்புடன் அப்பட்டியல்களில் இடம்பெற்றன. விருப்பமுறியில் மூத்த மகனுக்கு இது, இளைய மகளுக்கு இது என எழுதப்படுவதால் ஒரு தலைமுறையின் உறவு முழுவதும் ஒரே தாளில் வெளிப்பட்டுவிடுகிறது. கல்லறைக் கல் அதற்கு உறுதி சேர்க்கிறது. குடிவழி ஆராய்ச்சியாளர் செய்வது இந்நான்கையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதேயாகும்.

ஓர் உண்மை இங்கு விளங்கும். நிலம் உடையவர்க்கே நிலப்பதிவு உண்டு. உடைமை உள்ளவர்க்கே விருப்பமுறி உண்டு. ஹார்ட்போர்டு அமைந்த மண்ணில் அதற்கு முன் சுக்கியாக் என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். ‘தொடக்கக் குடிகள்’ என்று அமெரிக்கக் குடிவழி நூல்கள் கூறும்போது அம்மக்கள் அக்கணக்கில் சேர்வதில்லை. ஏடு யாருடைய கையில் இருந்ததோ அவர் கண்ட மனிதர்களே வரலாற்றில் மனிதர்களாக எஞ்சினர்.

இன்னொரு குறையும் அந்நூல்களில் உண்டு. குடிப்பெயரைச் சுமந்து செல்லும் ஆண்வழியையே அவை பெரிதும் பின்தொடர்ந்தன. மகள் மணம் முடித்து வேறு பெயருக்கு மாறியவுடன் பெரும்பாலும் அக்கிளை அவ்வளவில் நின்றுவிடும். மருமகளாக வந்தவளுக்கு இயற்பெயர் மட்டும் எஞ்சும். அவள் பிறந்த குடியைத் தனியே தேட வேண்டும்.

பெருமைக்கு ஆசைப்படும் வேர்

குடிவழி ஆராய்ச்சியில் ஒரு வழுக்குநிலமும் உண்டு. ஏடுகள் முடியும் இடத்தில் ஆசை தொடங்குகிறது. ஆல்காட் குடியின் வேரை இங்கிலாந்தில் ஈலி நகரத்து ஆயராக விளங்கிய ஜான் ஆல்காக் என்பவரோடு இணைத்துப் பேசும் வழக்கம் உண்டு. அவர் 1496இல் கேம்பிரிட்ஜில் இயேசு கல்லூரியை நிறுவிய பெருமகனார். ஆயின் அவர் துறவு நோன்பு பூண்ட கத்தோலிக்க ஆயர். அவருக்கு நேர்வழித் தோன்றல்கள் இருந்தனர் எனக் கொள்ள இயலாது. உடன்பிறந்தார் வழியே உறவு கூறினால், இடைப்பட்ட ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று வேண்டும். ஆல்காக், ஆல்காட் எனப் பெயர் ஒத்திருப்பது மட்டும் அத்தகைய சான்று ஆகாது.

இதனைக் கண்டு நாம் நகைக்க வேண்டுவதில்லை. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டை எண்ணிப் பாருங்கள். சோழர் குடிவழி அங்குச் சூரியனில் தொடங்குகிறது. மனு, சிபி எனப் புராண மாந்தர் வழியாக இறங்கி, கரிகாலனையும் கோச்செங்கணானையும் தொட்டு, பின்னர் விசயாலயனை அடைகிறது. விசயாலயனுக்குப் பின்னுள்ள பகுதியை வரலாற்றாசிரியர் பிற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு வரலாறாகப் பயன்படுத்துகின்றனர். முன்னுள்ள பகுதியை, அவ்வரச குடி தன்னை எவ்வாறு காண விரும்பியது என்பதற்குச் சான்றாகக் கொள்கின்றனர். தஞ்சையாயினும் கனெக்டிகட்டாயினும் குடிவழியின் அடிப்பகுதி ஏட்டாலும் நுனிப்பகுதி கனவாலும் ஆனது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு கிழித்துவிடுவது ஆராய்ச்சியாளரின் முதற்கடமை.

நம் பெயர்கள் தரும் இடர்

நம் குடும்பங்களை இம்முறையில் தேடப் புகுவோர்க்கு நம் பெயர்முறையே முதல் இடராக நிற்கும். நமக்குக் குடிப்பெயர் என ஒன்று மாறாமல் வருவதில்லை. ஊரின் முதலெழுத்து, தந்தையின் முதலெழுத்து, பின் தன் பெயர் என்பது நம் பழைய வழக்கு. சி. வை. தாமோதரம் பிள்ளை என்னும் பெயரில் சிறுப்பிட்டி என்னும் ஊரும், வைரவநாதர் என்னும் தந்தையும் அடங்கியுள்ளனர். ஒரு தலைமுறைக்கு இது மிகத் தெளிவான முகவரி. அடுத்த தலைமுறையில் எழுத்து மாறிவிடும். மேலும் பாட்டன் பெயரைப் பெறுபவன் ஆதலின் ‘பெயரன்’ என்றனர் நம் முன்னோர். அதுவே ‘பேரன்’ ஆயிற்று. ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும்போது, பழைய பத்திரம் ஒன்றில் காணும் இராமசாமி பாட்டனா, பெயரனா என்பதை ஆண்டைக் கொண்டே துணிய வேண்டியுள்ளது.

பெயர் மயக்கத்திற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டில் நடத்திய பள்ளிகளில், பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்களை மாணவர்க்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தாமோதரம் பிள்ளையுடன் தேறியவர் கறல் விசுவநாத பிள்ளை. ‘கறல்’ என்பது அவ்வாறு வந்த கரோல் என்னும் அமெரிக்கப் பெயர். தாமோதரம் பிள்ளையின் மகனார் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரால் அறியப்பட்ட தமிழறிஞர். வருங்காலத்தில் ஒருவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்த பெருமகனாரின் குடும்பத்திற்கு அமெரிக்க மூதாதை ஒருவரைக் கற்பித்துவிடக்கூடும்.

பெயர் எழுதப்படாத சென்னை மனிதர்

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பின் பழைய ஏடுகளைப் புரட்டினால் இரண்டு மனிதர் எதிரெதிரே நிற்கக் காணலாம். ஒருவர் எலிஹூ யேல். 1649இல் பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். 1718இல் அவர் அனுப்பிய நன்கொடையால் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

மற்றவர் எதிர்த்திசையில் சென்றவர். அமெரிக்கக் கப்பல் முதன்முதலாக இந்தியாவை அடைந்தது 1784ஆம் ஆண்டு டிசம்பரில். அக்கப்பல் நங்கூரமிட்டது புதுச்சேரியில். அடுத்த சில ஆண்டுகளில் சோழமண்டலக் கரையோடு அமெரிக்க வணிகர்க்குத் தொடர்பு வளர்ந்தது. 1790 டிசம்பர் 29ஆம் நாள் மசாசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் துறைமுகத்தில் வில்லியம் பென்ட்லி என்னும் சமய குரு தம் நாட்குறிப்பில், சென்னையிலிருந்து வந்த ஒருவரைக் கண்டதாக எழுதினார். அம்மனிதரின் நிறம், கூந்தலின் நீளம், முகத்தின் மென்மை, உயரம் ஆகியவற்றையெல்லாம் எழுதினார். பெயரை மட்டும் எழுதவில்லை.

நம் சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர் இதனினும் பண்பட்டவர்கள் என எனக்குத் தோன்றுவதுண்டு. பாடியவர் பெயர் கிடைக்காதபோது, அவருடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டனர். இன்னார் எனத் தெரியாவிட்டாலும் ‘ஒருவர் இருந்தார்’ என்னும் மதிப்பை அவர்கள் மறுக்கவில்லை. சேலத்துக்குச் சென்ற சென்னை மனிதர்க்கு அந்த மதிப்பும் வாய்க்கவில்லை.

ஏழையரின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை எனவும் கூறுவதற்கில்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை தொடர்ந்த அக்குடியேற்றத்தில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலடையாளம் ஆகியவை பதியப்பட்டன. தப்பியோடினால் பிடிப்பதற்கும் கணக்குக் காட்டுவதற்கும் எழுதப்பட்ட ஏடு அது. ஆயினும் இன்று அக்கூலிகளின் கொள்ளுப் பேரர்கள் அவ்வெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டே வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களைத் தேடி வருகின்றனர். அன்பில்லாமல் எழுதிய ஏடுகூட இத்துணைப் பயன்படுமாயின், அன்போடு எழுதும் ஏடு எத்துணைப் பயன்படும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு பேரன் எழுதியதால் எஞ்சிய பெயர்

அன்போடு எழுதப்பட்ட அத்தகைய ஏடு ஒன்று நம் சென்னையிலேயே உண்டு. அதுவும் ஆல்காட்டோடு தொடர்புடைய ஒருவருடையதே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்காக ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பகுதியில் பள்ளியொன்றைத் தொடங்கினார் என்பதை அறிவீர்கள். அம்மக்களின் தலைவருள் ஒருவராகிய அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஆல்காட்டைச் சந்தித்து, அவர் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கினார்.

அயோத்திதாசர் தம் பாட்டனார் கந்தப்பன் என்பவரைப் பற்றி எழுதியுள்ளார். கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த திருக்குறள், நாலடியார் ஏடுகளை அவர் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது அயோத்திதாசரின் கூற்று. எல்லிஸ் துரை திருக்குறளுக்கு உரை கண்டவர்; வள்ளுவர் உருவம் பொறித்த நாணயம் வெளியிட்டவர்; 1812இல் தோன்றிய சென்னைக் கல்விச் சங்கத்திற்கு மூலகாரணர். அத்தகையவரின் வாழ்வு நூல்களில் விரிவாகக் கிடைக்கிறது. ஏடு கொடுத்த கந்தப்பனின் பெயரோ பேரன் ஒருவர் எழுதியமையால் நமக்குக் கிடைத்தது.

இதுவும் ஒரு குடும்பச் சான்று. ஆகவே பிற சான்றுகளோடு வைத்து எடை போட வேண்டியதே. திருக்குறளின் முதற் பதிப்பு 1812இல் வேறு ஏடுகளைக் கொண்டு வெளிவந்தது என்பதையும் உடன் கருத வேண்டும். ஆயினும் எடை போடுவதற்கு ஒரு சான்று நம் கையில் இருக்கிறது. எழுதப்படாமல் போயிருந்தால் எடை போடும் வேலையே இல்லை. நிலப்பதிவோ விருப்பமுறியோ கல்லறைக் கல்லோ இல்லாத ஒரு குடும்பமும் தமிழிலக்கிய வரலாற்றில் தன் இடத்தைக் கேட்டு நிற்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தப் பேரனின் எழுத்தே. உத்தமதானபுரத்தையும் தம் முன்னோரையும் பற்றிச் சொல்லிய பின்னரே தம் கதையைத் தொடங்கிய உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நம் எல்லார்க்கும் அறிமுகமானது. அதனோடு வைத்துப் படிக்கத்தக்க குடும்பக் குறிப்பு அயோத்திதாசருடையது.

தாய்வழி என்னும் மறைந்த கிளை

தந்தைவழிப் பெயரை மட்டும் பின்தொடரும் குடிவழி நூல் எதனை இழக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உள்ளது. சென்னையைச் சேர்ந்த சியாமளா கோபாலன் 1958ஆம் ஆண்டு, தம் பத்தொன்பதாம் வயதில், உயர்கல்விக்காகக் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்றார். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளராக விளங்கி 2009இல் மறைந்தார். அவர் மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். ‘ஹாரிஸ்’ என்பது ஜமைக்காவில் பிறந்த தந்தையின் பெயர். அப்பெயரைப் பின்பற்றிச் செல்பவர் ஜமைக்காவுக்குச் செல்வரே அன்றி, பெசன்ட் நகருக்கோ மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்திற்கோ வந்து சேரார். தாத்தா பி. வி. கோபாலனின் ஊரைக் காட்டிக்கொடுப்பது தாய்வழி உறவும், கமலா ஹாரிஸ் பெயரை நன்கொடையாளர் வரிசையில் பொறித்திருக்கும் அவ்வூர்க் கோயிற் கல்லுமேயாகும்.

எங்கள் கல்லூரி மாணவியர்க்கு நான் ஒரு பயிற்சி தருவதுண்டு. தந்தைவழியில் நான்கு தலைமுறை, தாய்வழியில் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதி வரச் சொல்வேன். சில சமூகத்தார் நீத்தார் கடனில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லும் வழக்கத்தால் தந்தைவழி ஓரளவு நிரம்பிவிடும். தாயின் தாய், அவள் தாய் எனச் செல்லும் வரிசை மட்டும் இரண்டாம் படியிலேயே நின்றுவிடும். அவ்வாறு நின்ற ஒரு வரிசையை ஒரு மாணவி நிரப்பி வந்தாள். பரணில் கிடந்த பித்தளைத் தவலையின் கழுத்தில் வெட்டியிருந்த பெயரைப் படித்து, அது தன் பாட்டியின் தாயாருடைய பெயர் என்று பாட்டியிடமே கேட்டு உறுதி செய்து வந்திருந்தாள். சீராகக் கொடுத்த பாத்திரத்தில் மணமகளின் பெயரை வெட்டித் தருவது நம் வழக்கம். நிலப்பத்திரத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் இடம் பெறாத எத்தனையோ பெண்களின் பெயரைத் தாங்கி நிற்பவை அப்பாத்திரங்களே. அவற்றைத்தான் நாம் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கி வருகிறோம்.

நாம் செய்ய வேண்டியது

1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அதன்பின் நம் பகுதிகளிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் ஆராய்ச்சி மாணவரும் பெருந்தொகையினராகச் சென்றனர். அங்குச் சென்றவுடன் ஒரு விந்தை நிகழ்ந்தது. முதலெழுத்தாக மட்டும் இருந்த தந்தை பெயர் கடவுச்சீட்டில் விரிந்து, குடிப்பெயராக உறைந்துவிட்டது. தியாகராய நகரின் ஒரு தெருவில் வாழ்ந்து, கடல் கடவாமலே மறைந்த ஒரு சுப்பிரமணியனோ வேங்கடராமனோ அமெரிக்காவில் ஒரு புதிய குடிக்குப் பெயர் கொடுத்தவர் ஆகிவிட்டார். மருமகளும் அவர் பெயரைச் சுமக்கிறாள். கொள்ளுப் பேரனும் சுமப்பான். இருநூறு ஆண்டு கழித்து அவ்வழியில் வரும் ஒரு குட்வினோ ஆல்காட்டோ, இந்தச் சுப்பிரமணியன் யார் எனக் கேட்பான். ‘சென்னையினர்’ என்பதற்கு மேல் விடை இல்லையெனில், சேலம் துறைமுகத்து நாட்குறிப்பில் நின்ற மனிதர்க்கும் இவர்க்கும் வேறுபாடு மிகுதியாக இராது.

நம் பகுதிகளில் தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுகின்றன. வீடு மாறும்போது பரணும் டிரங்குப் பெட்டியும் முதலில் காலியாகின்றன. கிரயப் பத்திரங்களை எல்லாரும் பத்திரப்படுத்துகிறோம். அவற்றுக்கு விலை உண்டு. பழைய திருமண அழைப்பிதழ், சாதகக் குறிப்பு, கணக்கு நோட்டு, அஞ்சலட்டை ஆகியவை பழைய பேப்பர்க் கடைக்குச் செல்கின்றன. ஓர் அழைப்பிதழில் இரு குடும்பங்களின் மூன்று தலைமுறையும், அவரவர் ஊரும், நாளும் அச்சிட்டுக் கிடக்கின்றன. நியூ இங்கிலாந்துக்காரனுக்கு விருப்பமுறி எதனைத் தந்ததோ அதனை நமக்குத் திருமண அழைப்பிதழ் தருகிறது.

ஆகவே இவ்வட்டத்தின் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். பத்தாண்டுகளாகப் பிறர் எழுதிய நூல்களைக் கற்று மகிழ்ந்தோம். பதினோராம் ஆண்டில் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவோம். தந்தைவழிக்கு எத்துணை இடமோ, தாய்வழிக்கும் அத்துணை இடம் தருவோம். பெயர், ஊர், குலதெய்வம் இருக்கும் இடம், செய்த தொழில், ஊரை விட்டு வந்த ஆண்டு, வந்த காரணம் ஆகியவற்றை எழுதுவோம். வறுமையால் வந்திருந்தால் வறுமை என்றே எழுதுவோம். நேரில் அறிந்தது, கேட்டறிந்தது, ஏட்டில் கண்டது என்னும் மூன்றையும் பிரித்துக் காட்டுவோம். சூரியனையும் ஆயரையும் தேடிச் செல்ல வேண்டா. நம் வீட்டில் பணி செய்தோர், நிலத்தை உழுதோர், பிள்ளைகளை வளர்த்தோர் ஆகியோரின் பெயர்களும் நினைவிருந்தால் அவற்றையும் சேர்ப்போம்; அவர்கள் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் தேடக்கூடும்.

வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருப்பின், இவ்விழா முடிந்து சென்றவுடன் அவரருகில் அமர்ந்து அவர் தாயாரின் பெயரையும், அத்தாயார் பிறந்த ஊரையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சியவற்றைப் பின்னர் ஆறுதலாக எழுதலாம்.